ஒரு வார இறுதி, ஒரே நகரம்: ஜெர்மனியில் படிக்கும் மாணவர்களுக்கு பிராக் பயண வழிகாட்டி

ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் செமஸ்டரிலேயே பலருக்கும் ஓர் ஆசை வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அது. வேண்டாம். தூக்கம் போக வார இறுதியில் கையில் நிற்பது ஏறத்தாழ முப்பத்தைந்து மணி நேரம்தான். அதை மூன்று ஊருக்குப் பங்கிட்டால் பாதிக்கு மேல் பஸ்ஸிலும் ரயிலடியிலுமே கழிந்துவிடும். பக்கத்தில் உள்ள ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து, அதிலும் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவதுதான் மாணவர் பயணத்துக்குச் சரிப்படும். செக் குடியரசின் தலைநகரான பிராகை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

டிக்கெட் விலையைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். உங்கள் அறை வாசலிலிருந்து விடுதி வாசல் வரை எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் அந்த ஊரை நீண்ட விடுமுறைக்கு ஒதுக்கி வைக்கலாம். பதினைந்து யூரோ விமான டிக்கெட் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பாரிஸ் என்ற பெயரோடு விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர். அங்கே போகும் பஸ் கட்டணத்தையும் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ட்ரெஸ்டனில் படிப்பவருக்கு பிராக் ரயிலில் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம். பெர்லினிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். கெம்னிட்ஸ், லைப்சிக் மாணவர்களுக்கும் எட்டும் தூரம்தான். மியூனிக்கில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சால்ஸ்பர்க். ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டே அந்த ஊரின் பிரதான ரயில் நிலையம் வரை செல்லும் என்பதால் தனி ரயில் செலவு இல்லை. கார்ல்ஸ்ரூஹேயில் இருந்தால் ஸ்ட்ராஸ்பர்க், ஆஹனில் இருந்தால் மாஸ்ட்ரிக்ட் என்று ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஒரு நல்ல நகரம் இருக்கிறது. பெரிய பெயர்கள் எங்கும் போய்விடாது; இரண்டு ஆண்டுகள் இங்கேதான் இருக்கப் போகிறீர்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாணவருக்கு ஜெர்மனி தரும் வசிப்பிட அனுமதி அட்டை இருந்தால், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோடு சேர்த்து அதை வைத்துக்கொண்டு, பொது விசா ஒப்பந்தத்தில் இணைந்த மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா இல்லாமல் போகலாம். 180 நாட்களுக்குள் 90 நாட்கள் என்பது வரம்பு. அட்டை இன்னும் வராமல், பாஸ்போர்ட்டில் ஒட்டிய டி வகை தேசிய விசா காலாவதியாகாமல் இருந்தாலும் இதே உரிமை உண்டு. செக் குடியரசு, ஆஸ்திரியா, போலந்து, பிரான்ஸ் எல்லாம் இதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை. அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

சிக்கல் வருவது இடைப்பட்ட காலத்தில்தான். விசா முடிந்துவிட்டது, புது அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், அலுவலகம் ஒரு தற்காலிகச் சான்று கொடுத்திருக்கிறது. மாணவர்கள் 'ஃபிக்ட்சியோன்' என்று சொல்வது அதைத்தான். அந்தச் சான்றில் பல வகை உண்டு. எல்லா வகையும் எல்லை தாண்ட உதவாது. உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் எழுத்தில் வரும் வரை ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுங்கள். தெரிந்த அண்ணன் ஒருவர் போய் வந்தார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

ஷெங்கனுக்குள் சோதனையே கிடையாது என்று நம்பி பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையை நடத்தி வருகிறது. பிராகிலிருந்து திரும்பும் ரயிலில் எல்லையை ஒட்டிய பாட் ஷாண்டாவ் பக்கத்தில் போலீசார் ஏறிக் கேட்பது வழக்கமான காட்சி. அசல் பாஸ்போர்ட், அசல் அட்டை இரண்டும் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். கைப்பேசியில் உள்ள படம், அசல் தொலைந்துபோனால் மட்டுமே உதவும். அதற்காக ஒரு படமும் எடுத்து வையுங்கள். செக் விடுதிகளும் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் விவரங்களைப் பதிவு செய்தாக வேண்டும்.

அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்றால் அந்த அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கேதான் அச்சிடப்பட்டிருக்கும். செக் குடியரசில் அவசர சிகிச்சைக்கு அது செல்லும். ஆனால் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் அது செல்லாது. அங்கே போவதானால் சில யூரோ கொடுத்துப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் தங்கள் ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும்.

டிக்கெட்

ட்ரெஸ்டனிலிருந்து பிராக் செல்லும் விரைவு ரயில் எல்பா ஆற்றை ஒட்டியே போகிறது. மணற்கல் பாறைகள் செங்குத்தாக நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கு, இந்தப் பயணத்தின் பாதி மகிழ்ச்சி. போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஆறு உங்கள் பக்கம் வரும். பகலில் ஒரு தடவையாவது அந்த வழியைப் பார்க்கும்படி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வே தளத்தில் ஒரு விலையும் செக் ரயில்வே தளத்தில் ஒரு விலையும் இருக்கும். இரண்டையும் பாருங்கள், எல்லை தாண்டும் பயணத்துக்குப் பல சமயம் செக் தளம் மலிவு. மூன்று, நான்கு வாரம் முன்னால் எடுத்தால் ட்ரெஸ்டனிலிருந்து ஒரு வழிக்கு இருபது யூரோவை ஒட்டி முடிந்துவிடும். கடைசி நேரத்தில் பஸ்தான் மலிவு. ஃப்ளிக்ஸ்பஸ், ரெஜியோஜெட் இரண்டும் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. பிராகில் பெரும்பாலும் ஃப்லோரென்ஸ் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அதுவும் நகரின் நடுவிலேயே இருக்கிறது.

சலுகை விலை டிக்கெட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். லைப்சிக்கிலிருந்து டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ட்ரெஸ்டன் வந்து, அங்கிருந்து தனியாக எடுத்த சலுகை டிக்கெட்டில் பிராக் போகலாம் என்று திட்டமிடுவீர்கள். செலவு குறைகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டும் தனித்தனி ஒப்பந்தம் என்பதால் பொறுப்பேற்க யாரும் இல்லை; புது டிக்கெட் வாங்க வேண்டும். ஆகவே நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இல்லாவிட்டால் ஊரிலிருந்து பிராக் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் விரைவு ரயிலில் செல்லாது, வட்டார ரயில்களில் மட்டும்தான் செல்லும் என்பதைப் புதிதாக வந்தவர்கள் அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டும். திரும்பும் ஞாயிறு மாலை ரயிலில் கூட்டம் நிற்கும். அதற்கு மட்டும் இருக்கை முன்பதிவு செய்துவிடுங்கள்.

தங்குமிடம்

பிராகில் பயணிகள் தங்கும் மலிவு விடுதிகளான ஹாஸ்டல்களுக்குப் பஞ்சமில்லை. பழைய நகரச் சதுக்கத்தின் மேலேயே தங்க வேண்டியதில்லை. இரவு முழுக்கச் சத்தம், விலையும் அதிகம். டிராமில் பத்து நிமிடத் தூரத்தில் உள்ள ஜிஜ்கோவ், ஹோலெஷோவிட்சே, வினோஹ்ராடி பகுதிகளில் பாருங்கள். பதிவு செய்யும் முன் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: பெட்டகத்துக்குப் பூட்டு நாம் கொண்டுபோக வேண்டுமா, அறையைக் காலி செய்த பிறகு பையை அங்கேயே வைக்கலாமா, சமையலறை உண்டா, இரவு தாமதமாக வந்தால் கதவு திறக்க ஆள் இருப்பாரா. தனியாகப் போகும் பெண்களுக்குப் பெண்கள் மட்டும் தங்கும் அறைகள் பல ஹாஸ்டல்களில் உண்டு. ஓர் இரவுக்கு ஒருவருக்கு 50 கொருனா நகர வரி தனியாக வரும். கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பரில் விலை எகிறிவிடும். அந்த ஊரை முதல்முறை பார்க்கிறவருக்கு ஏப்ரலும் அக்டோபரும் நல்லது என்பது என் கருத்து.

பணம்

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவுக்கு மாறவில்லை. அங்கே கொருனாதான். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 25 என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். கடை, டிராம், உணவகம் என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் கார்டு வாங்குகிறார்கள். கழிப்பறைக்கும் சிறு கடைக்கும் கொஞ்சம் சில்லறை போதும்.

இங்கேதான் மாணவர் பணம் வீணாகக் கரைகிறது. கார்டு இயந்திரமோ ஏ.டி.எம்.மோ 'யூரோவில் கணக்கிடட்டுமா, கொருனாவிலா' என்று கேட்கும். எப்போதும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். யூரோ என்று அழுத்தினால் அந்த இயந்திரத்தின் உரிமையாளர் தனக்குப் பிடித்த மாற்று விகிதத்தைப் போட்டுக்கொள்வார். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் ஏ.டி.எம்.களைத் தவிர்த்து, வங்கிக் கிளையின் சுவரில் இருப்பதைத் தேடுங்கள். நாணய மாற்றுக் கடைக்குள் போகவே தேவையில்லை. போய் ஏமாந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. 2019இல் வந்த செக் சட்டத் திருத்தத்தின்படி, 1000 யூரோ மதிப்புவரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பப் போய் ரத்து செய்யலாம். தெருவில் அருகே வந்து 'நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்' என்பவரிடம் நிற்காதீர்கள். கையில் வேறு நாட்டுப் பழைய நோட்டு வந்து சேரும்.

விசாவுக்காகப் பணம் போட்டு, மாதந்தோறும் குறித்த தொகை மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் பார்க்கிற மாணவருக்கு, முன்கூட்டித் திட்டமிட்ட பிராக் பயணம் நூறிலிருந்து நூற்றைம்பது யூரோவுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் டிக்கெட்டைத் தாமதமாக எடுத்திருப்பீர்கள், அல்லது சதுக்கத்தைச் சுற்றியே சாப்பிட்டிருப்பீர்கள். நண்பர்களோடு போவதானால் எதற்குக் காசு கொடுத்து உள்ளே போவது, எதை வெளியிலிருந்து பார்ப்பது என்பதைக் கிளம்பும் முன்னரே பேசிவிடுங்கள். வாசலில் நின்று பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சனியும் ஞாயிறும்

பிராகில் எதை எந்த நாளில் பார்ப்பது என்பதை ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது. யூத அருங்காட்சியகத்தின் கட்டடங்கள் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டையில் உள்ள புனித வீட்டஸ் பேராலயம் ஞாயிறு காலை வழிபாட்டுக்காக ஒதுக்கப்பட்டு, பார்வையாளருக்கு நண்பகலில்தான் திறக்கும். எனவே சனி கோட்டைக்கு, ஞாயிறு யூதர் பகுதிக்கு. இதை மாற்றிப் போட்டால் யூதர் பகுதியையும் பேராலயத்தின் காலை நேரத்தையும் இழப்பீர்கள்.

சனிக்கிழமை விடிவதற்குள் சார்லஸ் பாலத்தில் இருங்கள். மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் தொடங்கிய அந்தக் கல் பாலம் அரைக் கிலோமீட்டர் நீளம், இருபுறமும் முப்பது சிலைத் தொகுதிகள். பத்து மணிக்கு மேல் அங்கே தோளோடு தோள் இடித்துத்தான் நடக்க முடியும். விடியற்காலையில் வல்தாவா ஆற்றின் மேல் பனிப்புகை கலையும்போது ஒவ்வொரு சிலையின் முன்னும் நின்று பார்க்கலாம். பாலத்தைக் கடந்து, கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்த்ரானா பகுதியின் ஏற்றத்தில் நடந்தால் கோட்டை. ஏற முடியாதவர்களுக்கு 22ஆம் எண் டிராம் மேலே கொண்டுபோய் விடும். கோட்டை வளாகம் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. பேராலயமும் பழைய அரண்மனையும் ஒன்பது மணிக்குத் திறக்கும். அவற்றுக்குச் சீட்டு வேண்டும். 26 வயது வரை மாணவர் சலுகை உண்டு, கல்லூரி அட்டையைக் காட்டுங்கள். இதற்குக் காசு கொடுக்கலாம் என்பேன். 1344இல் அடிக்கல் நாட்டிய பேராலயம் 1929இல்தான் முழுமை பெற்றது. உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வழியாகக் காலை வெயில் தூண்களில் விழும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். பதினோரு மணிக்கு வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு அது வாய்க்காது.

பிற்பகல் பெத்ர்ஷின் குன்றில் பழத்தோட்டங்களுக்கு நடுவே இறங்கி வாருங்கள். 1891இல் கட்டிய கோபுரத்தில் ஏறுவது கட்டாயமில்லை. குன்றிலிருந்தே ஊர் நன்றாகத் தெரியும். பிறகு அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் மாலையில் களைத்துப்போய், கண்ணில் பட்ட விலை கூடிய கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரவு பழைய நகரச் சதுக்கம். 1410இல் அமைத்த வானியல் கடிகாரத்தில் காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை மணிக்கு ஒருமுறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் வலம் வரும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கணம் ஜேப்படிக்காரர்களுக்கு வசதி. பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை யூதர் பகுதியான யோசெஃபோவ். பிங்கஸ் ஜெபக்கூடத்தின் சுவர்களில், நாஜிக்கள் கொன்ற, செக் நிலப்பகுதிகளான பொஹீமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் பழைய கல்லறைத் தோட்டம். இடம் போதாமல் அடுக்கடுக்காகப் புதைத்ததால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அது அவசரமாகப் பார்க்கும் இடம் இல்லை. உள்ளே குரலைத் தாழ்த்துங்கள், செல்ஃபி வேண்டாம். அதன்பின் மனதுக்குக் காற்று வேண்டும். ஆற்றின் கரையில் தெற்கே உள்ள விஷெஹ்ராட் கோட்டை மதிலுக்குப் போங்கள். கட்டணமில்லை, கூட்டமும் குறைவு. பிராகில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். அங்கிருந்து மெட்ரோவில் ரயில் நிலையம் சில நிமிடங்கள்.

டிராமுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே சீட்டு. காகிதச் சீட்டு வாங்கினால் முதல் பயணத்தில் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு சீட்டே இல்லை என்று கருதி அபராதம் போடுவார்கள். நடந்து பழக்கம் உள்ளவர் என்றால் சனிக்கிழமைக்கு மட்டும் 24 மணி நேரச் சீட்டு போதும்.

சாப்பாடு

செக் உணவு இறைச்சியை மையமாகக் கொண்டது. குலாஷும் ஸ்விச்கோவாவும் பெரும்பாலும் மாட்டிறைச்சி. தவிர்ப்பவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நெயீம் மாசோ' என்றால் நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று பொருள். சைவர்களுக்கு எந்த உணவகத்திலும் கிடைப்பது ஸ்மாஜெனி சீர் எனப்படும் பொரித்த பாலாடைக்கட்டி, கூடவே உருளைக்கிழங்கு. பழம் வைத்து வேகவைத்த க்னெட்லிகி கொழுக்கட்டை போல இருக்கும், அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கு சூப்பில் இறைச்சிச் சாறோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். சோறும் பருப்பும் தேடுகிறவர்களுக்கு தாபா பேயாஸ் என்ற சைவ உணவகம் உண்டு. தட்டை நிரப்பி எடைக்குக் காசு கொடுக்கும் முறை. தெருவெங்கும் விற்கும் த்ர்டெல்னிக் சுருள் ரொட்டி செக் நாட்டின் தொன்மையான பண்டம் என்று சொல்லி விற்கிறார்கள். அது சுற்றுலாவோடு பரவியது. ரயிலுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் வெள்ளி இரவுச் செலவு மிச்சம்.

திரும்பும் வழி

ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பிராகில் திறந்திருக்கும். ரயில் நிலையத்துக்குள்ளேயே சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. திங்கள் காலைக்கு வேண்டிய பால், ரொட்டியை அங்கேயே வாங்கிவிடுங்கள். மாலை நான்கு, ஐந்து மணி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். கடைசி ரயிலைப் பிடித்தால் ட்ரெஸ்டனில் இறங்கியபின் உங்கள் ஊருக்கு வட்டார ரயில் இருக்குமா என்பதே சந்தேகம். ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் திரும்பக் கேட்க ஐரோப்பிய ஒன்றிய விதி உங்களுக்கு உரிமை தருகிறது. டிக்கெட்டை அழிக்காமல் வைத்திருந்து, வாங்கிய தளத்திலேயே மறுநாள் விண்ணப்பியுங்கள்.